அதட்டினால் அது பயந்துக்கும்

எங்கள் வரிசையில் கடைசிக்கு முந்தின வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். அவர் பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால் கூச்சப்படுவார். தண்ணி மீட்டர் படிக்கிற வேலையில் இருந்து ரிட்டையர் ஆனவர், அதனால் மலாக்காப் பக்கம் எங்கள் டுரியான் துங்காலில் பாதிப் பேருக்கு அவர் மீட்டர் மாமா. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அவரிடம் ஒரு குணம். யாரையும் குறை சொல்ல மாட்டார். ஆளை மட்டும் இல்லை, சாமானையும்தான்.

நாங்கள் தோட்டத்து லயத்தை விட்டு இந்தத் தாமான் வீட்டுக்குக் குடி வந்த புதுசில், எங்கள் வீட்டு மீட்டர் தலைகால் புரியாமல் ஓடியது. எங்க வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறவர், குரலும் லோரி மாதிரிதான் இருக்கும். அப்போது இன்னும் வேலையில் இருந்த மாமா மீட்டர் படிக்க வர, அவரைப் பிடித்துக்கொண்டு, "இது பொய் சொல்லுது லா!" என்று கத்தினார். மாமா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் அந்தக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பொய்யின்னு சொல்லாதீங்க தம்பி. அது காதுல விழுந்தா சங்கடப்படும். களைப்பா இருக்கு, அவ்வளவுதான்."

கையில் இருந்த புஸ்தகத்திலும் மலாயில் 'மீட்டர் களைத்துவிட்டது' என்றே எழுதினார். ஆபீசில் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். ஆனால் புது மீட்டர் வந்துவிட்டது. பழையதைக் கழற்றும்போது மாமா பக்கத்தில் நின்று, "போதும் போ, ரொம்ப வருசம் ஓடிட்ட" என்றார். எங்க வீட்டுக்காரர் அன்றைக்குத்தான் குரலைக் குறைத்துப் பேசி நான் பார்த்தேன்.

அவர் சம்சாரம், அந்த மாமி, சொல்வார்: "எமனே வந்து நின்னாலும் இந்த மனுசன், பாவம் அவனுக்கு மேலதிகாரி தொல்லையோ என்னமோன்னுதான் சொல்வார்." அந்த மாமி ஆஸ்பத்திரியில் இறந்த அன்றைக்கு, எல்லாரும் அழுதுகொண்டிருக்கும்போது மாமா மட்டும் நர்ஸ் பிள்ளையைத் தேடிப் போய், "நீங்க நல்லாத்தான் பாத்தீங்க, மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பிள்ளை ஓவென்று அழுதுவிட்டது.

மாமி போன பிறகுதான் பொட்டிகள் வந்தன.

ஒரே மகன், சிங்கப்பூரில் வேலை. பதினாலாவது மாடி வீடு. அப்பாவைத் தன்னோடு கூட்டிப் போக ஒற்றைக்காலில் நின்றார். மாமாவுக்கு மனசில்லை. "இங்க வாசலுக்கு வந்தா நாலு பேரு நிக்கிறாங்க. அங்க வாசலுக்கு வந்தா லிப்டு நிக்குது" என்றார். கடைசியில் அப்பாவும் மகனும் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். வீட்டில் பொட்டிகள் மாட்ட வேண்டும். அப்பா நடமாடுகிறார், சௌகரியமாக இருக்கிறார் என்று அந்தப் பொட்டிகள் மகனுடைய போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சொல்கிற வரைக்கும் மாமா இந்த வீட்டில் இருக்கலாம். சொல்லாவிட்டால் துணிமணியைக் கட்ட வேண்டியதுதான். மாமா தன் மோட்டார் சைக்கிளைத் தொடவே கூடாது.

நல்ல சாமானாக நானே வாங்கி அனுப்புகிறேன் என்றார் மகன். மாமா விடவில்லை. ஆன்லைனில் மலிவு விற்பனை போட்ட நாளில், பேர் வாயில் நுழையாத கம்பெனிகளில் இருந்து தானே வாங்கினார். ஹாலில் ஆள் நடமாட்டம் பார்க்க ஒரு வெள்ளைப் பொட்டி. மூலையில் ஒரு கேமரா. கூரையில் புகை வந்தால் கத்துகிற ஒன்று. சொன்னால் எரிகிற பல்பு. கேட்டால் பதில் சொல்கிற பொட்டி. தானாகக் கூட்டுகிற ஒரு வட்டமான மிஷின்.

இந்த ஆறும் செய்த கூத்துக்கு அளவில்லை. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பேசுகிற பொட்டி சீனத்தில்தான் பேசும். பல்பு மழை வந்தால் ஊதா நிறம் ஆகிவிடும், அப்புறம் அதுவாக மனசு மாறினால்தான் வெள்ளை. கூட்டுகிற மிஷின் கதவு திறந்திருந்தால் வெளியே கிளம்பிவிடும். மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எங்கடா போற, வெயிலு" என்று கேட்டபடி அதன் பின்னாலேயே எங்கள் ஜாலானில் தெருக்கோடி வரைக்கும் நடப்பார். ஒரு தரம் அது முக்குவீட்டுச் சீனத்தம்மாவின் செருப்பைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. மாமா போய் மன்னிப்புக் கேட்டார். "அதுக்கு நம்ம வீடு எது, அடுத்தவங்க வீடு எதுன்னு இன்னும் பழகல."

நான் ஒரு நாள் பொறுக்காமல், பல்பைப் பார்த்து, "ஏய், எரியறியா இல்லையா!" என்று கத்திவிட்டேன். மாமா பதறிப்போனார்.

"அதட்டாதம்மா. அதட்டினா அது பயந்துக்கும். நெதானமா சொல்லு, செய்யும்."

நிதானமாகச் சொன்னேன். செய்யவில்லை. "இப்பதான அதட்டின, கொஞ்ச நேரம் ஆவும்" என்றார்.

இதில் மாட்டிக்கொண்டது நான்தான். பொட்டி ஏதாவது சொல்ல மறந்தால் சிங்கப்பூரில் இருந்து மகன் என்னைக் கூப்பிடுவார். "அக்கா, அப்பா எழுந்திரிச்சிட்டாரா? ஹால்ல ஆளே இல்லன்னு காட்டுது." நான் ரவிக்கை தைக்கிறதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். மாமா அந்த வெள்ளைப் பொட்டிக்கு நேர் எதிரே உட்கார்ந்து பசியாறிக்கொண்டு இருப்பார்.

"அவன்கிட்ட சொல்லும்மா, பொட்டி மேல தப்பு இல்ல. நான்தான் ரொம்ப அசையாம உக்காந்துட்டேன்."

அதற்கு அப்புறம் காலையில் எழுந்தவுடன் பொட்டிக்கு முன்னால் மூன்று தடவை குறுக்கும் நெடுக்கும் நடந்து, ஒரு கும்பிடும் போடுவார். சாமிக்கு முன்னால் போட்டாரா பொட்டிக்குப் போட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டு இருக்கும்போதே பொட்டி 'நடமாட்டம் உண்டு' என்று சொல்லிவிட்டது. பார்த்தால் அதன் மேலேயே ஒரு பல்லி. "பாரேன், நமக்குப் பதிலா ரிப்போட் குடுத்துட்டான்" என்று மாமா பல்லிக்கும் நன்றி சொன்னார்.

சிரிப்பாக இருந்தாலும் மகனுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் ஒரு முடிவு சொன்னார். "புரட்டாசி ஒரு மாசம் பாக்கறேன்பா. காலையில ஏழரைக்குள்ள தினமும் நீங்க நடமாடறீங்கன்னு என் போன்ல பச்சை காட்டணும். ஒரு நாள் தப்பினாலும் நான் வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். அப்புறம் பேச்சு கிடையாது."

மாமா சரி என்றார். முகம் வாடிப்போனது. நான் பெருமாளிடம், சாமி, இந்த மலிவு சாமானுக்கெல்லாம் ஒரு மாசம் நல்ல புத்தி கொடு என்று வேண்டிக்கொண்டேன். இப்படி ஒரு வேண்டுதலை அவர் முன்னே பின்னே கேட்டிருக்க மாட்டார்.

முதல் சனிக்கிழமைக்கு முந்தின நாள் மாமா வேலியோரம் வந்து தலையைச் சொறிந்தார். புலாவ் செபாங்கில் ஒரு பழைய கூட்டாளி, தினமும் காலையில் ஒரு கோயிலில் பெருமாளுக்குத் துளசி மாலை கட்டுகிறவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மாமாவும் போய் உட்கார்ந்து கட்டிக் கொடுப்பார். விடியும் முன்னே கிளம்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில்.

"மகனுக்குத் தெரிஞ்சா அதோட சரி. நீ ஏழு மணிக்கு உள்ள போயி, ஹால்ல நாலு தடவ நடந்துட்டு வந்துடு. கேமராவுக்கு முதுகைக் காட்டிக்க."

"கேமரா என்னைக் காட்டிக் கொடுத்துடாதா மாமா?"

"அதுக்குக் காலையில கண்ணு மங்கல். பாவம், ஏதோ உருவம் போற மாதிரிதான் காட்டும்."

"பொய்யாச்சே மாமா. அதுவும் புரட்டாசியில."

அவர் வேலிக் கம்பியைத் தடவிக்கொண்டே நின்றார். அப்படி நின்றால் எனக்குத் தாங்காது. ராத்திரி பூராவும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய் அவர் ஹாலை உண்மையாகவே பெருக்கினேன். பெருக்குவது பொய் இல்லையே. பொட்டி பச்சை காட்டியது. ஆனாலும் வீட்டுக்கு வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமிக்கு விளக்குமாற்றைப் பற்றித் தெரியாமலா இருக்கும்.

இப்படி நாலு சனிக்கிழமை.

ஐந்தாவது வாரம் ஆயுத பூசை வந்தது. மாசம் முடிய மூன்று நாள்தான் பாக்கி. நான் என் தையல் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். லோரிக்கு எங்க வீட்டுக்காரர் மாலை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுல இருக்கறதும் உழைக்குதுங்கதான? ஒரு மாசமா எனக்காக எவ்வளவு பாடு."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. தட்டோடும் சாம்பிராணிக் காலோடும் அவர் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு பொட்டியாகத் துடைத்துப் பொட்டு வைத்தேன். தையல் மிஷினுக்கு எங்கே வைப்பது என்று தெரியும். லோரிக்கு நெற்றி தெரியும். கேமராவுக்கு நெற்றி எது? இருக்கிறதே ஒரு கண், வேறே முகமே கிடையாது. நடுவில் வட்டமாக இருந்த இடத்தில் சந்தனத்தை நன்றாக அப்பி, மேலே பெரிய குங்குமப் பொட்டாக வைத்தேன். ஹாலில் இருந்த வெள்ளைப் பொட்டிக்கும் அப்படியே. கூரையில் இருந்ததை எட்ட முடியவில்லை. அது பாவம் ஏமாந்து போகுமே என்று மாமா, "அதுக்குச் சாம்பிராணியாவது காட்டும்மா" என்றார். நாற்காலியில் ஏறி நின்று, கரி நன்றாகக் கனிந்திருந்த சாம்பிராணிக் காலை அதன் மூக்குக்கே நேராகப் பிடித்தேன்.

அது போட்ட சத்தத்தில் நான் நாற்காலியில் இருந்து விழாதது பெருமாள் கிருபை.

மாமா பூரித்துப்போனார். "பாத்தியா! எவ்வளவு சந்தோசம் பாரு!"

இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆயுத பூசை அன்றைக்குப் பூசையில் வைத்த சாமானை எடுத்து வேலை வாங்கக் கூடாது. என் போனும் மாமா போனும் எங்க வீட்டுக்காரர் போனும் பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் சத்தத்தை அணைத்துப் படுத்திருந்தன.

சிங்கப்பூரில் மகனுடைய போன் என்ன காட்டியது என்று அப்புறம்தான் தெரிந்தது. முதலில் கேமராவில் ஒரு விரல் வந்தது. பிறகு வீடு முழுக்க ஒரே சிவப்பு. ஹாலில் நடமாட்டம் இல்லை. அப்புறம், புகை, புகை, புகை. அப்பாவைக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. என்னை, எடுக்கவில்லை. எங்க வீட்டுக்காரரை, எடுக்கவில்லை. மலாக்காவில் இருக்கிற தன் கூட்டாளியிடம் சொல்லி தீயணைப்புக்காரர்களுக்குத் தகவல் கொடுக்க வைத்துவிட்டு, காரை எடுத்துவிட்டார்.

நாங்கள் சுண்டலுக்குத் தேங்காய் திருகிக்கொண்டு இருந்தோம். தீயணைக்கிற போம்பா வண்டி மணியடித்துக்கொண்டு எங்கள் ஜாலானுக்குள் வந்தது. எங்க வீட்டுக்காரர், "எவன் வீட்டுலயோ தீப்பிடிச்சிருச்சு!" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். வண்டி மாமா வீட்டு முன்னால் நின்றது.

நெற்றியில் நாமத்தோடு மாமா கேட்டைத் திறந்துவிட்டார். தலைவர் மாதிரி இருந்த மலாய்க்காரர், பக்சிக், அதாவது மாமா, தீ எங்கே என்று கேட்டார். மாமா தேங்காய்க் கொட்டாங்குச்சி அளவு இருந்த சாம்பிராணிக் காலைக் காட்டினார். அவர் குனிந்து மோந்து பார்த்தார். "கெமெனியான்" என்றார் திரும்பி. சாம்பிராணிக்கு மலாயில் அதுதான் பேர். அவர்கள் ஊர்ப்பக்கம் அந்த வாசம் பேய் சமாசாரத்தோடு சேர்ந்தது. பின்னால் குழாயைத் தூக்கி வந்த இளவட்டம் ஒன்று அப்படியே கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டது. அந்த நேரம் பார்த்துப் பேசுகிற பொட்டி உள்ளே இருந்து சீனத்தில் என்னமோ நீளமாகச் சொன்னது. அந்தப் பிள்ளை வண்டியிலேயே ஏறிவிட்டது.

சாமிக்குப் படைத்ததை முஸ்லிம்களான அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். பாக்கெட் தண்ணியும் படைக்காத வாழைப்பழமும் எடுத்து வந்து கொடுத்தேன். தலைவர் கூரையில் இருந்த பொட்டியைப் பார்த்து, நல்லாத்தான் வேலை செய்யுது என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனார். மாமாவுக்கு அதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. கவர்மெண்டு ஆள் ஒருத்தர் வாயால் அவர் சாமானுக்குக் கிடைத்த முதல் நல்ல பேர்.

சாயங்காலம் மகன் வந்து சேர்ந்தார். முகம் வெளுத்து, சட்டையெல்லாம் வேர்வை. அப்பாவைத் தலையில் இருந்து கால் வரைக்கும் தொட்டுப் பார்த்தார். அதற்கு அப்புறம்தான் கோபம் வந்தது.

"போதும்பா. கெளம்புங்க. இன்னைக்கே."

"ஏன்டா? பொகை வந்துச்சு, சொன்னிச்சு. ஆளு வந்தாங்க. இதுக்குத்தான மாட்டச் சொன்ன? அதுல என்ன குத்தம்?"

"கேமரா ஏன் செவப்பா இருந்துச்சு?"

என்னால் நிற்க முடியவில்லை. "தம்பி, அது நான் வச்ச பொட்டு. அதுக்கு நெத்தி எங்கன்னு தெரியல" என்றேன். ஆரம்பித்த பிறகு வாய் நிற்குமா? சனிக்கிழமை, புலாவ் செபாங், மோட்டார் சைக்கிள், விளக்குமாறு, எல்லாம் கொட்டிவிட்டேன்.

மகன் என்னையே பார்த்தார். "அந்த நாலு சனிக்கெழமையும் ஹால்ல நடமாட்டம் ரொம்ப அதிகமா இருந்துச்சுக்கா. அப்பாவுக்கு முட்டி வலி போயிடுச்சு போலன்னு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொன்னேன்."

எங்க வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் இருமினார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். "அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாத. பொட்டிங்களையும் சொல்லாத. வண்டி எடுத்தது நான், பொய் சொல்ல வச்சதும் நான். என் மேலதான் தப்பு." அவர் வாயால் ஒருத்தரைக் குற்றம் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். எனக்கு அது கேட்கப் பிடிக்கவேயில்லை.

பல்பு ஊதாவாகி, திரும்ப வெள்ளையானது.

"அக்கா," என்றார் மகன். "அப்பா வண்டியில போன அந்த நாளெல்லாம் நீங்க பெருக்கிட்டு, அப்புறம் என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யறது தம்பி? வண்டி சத்தம் கேக்கற வரைக்கும் வாசல்லயே நின்னேன். மனசு எங்க நிக்குது? ஒரு கொக்கி கூட தைக்கல."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும்தான். ஒரு தடவ மழை. எங்க வீட்டுக்காரருதான் கொடை பிடிச்சாரு."

மகன் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பாவிடம் கையை நீட்டினார். மாமா இடுப்பில் இருந்து வண்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். மகன் அதை, இருமி முடித்து உள்ளே வந்த எங்க வீட்டுக்காரரிடம் கொடுத்து, "அண்ணே, அவருக்குக் கோயிலுக்குப் போகணும்னா நீங்க கூட்டிட்டுப் போங்க" என்றார். பிறகு என்னிடம், "சுண்டல் இருக்காக்கா?" என்று கேட்டார். அவ்வளவுதான் தீர்ப்பு.

அதற்கு அப்புறம் இரண்டு வருசம் மாமா இங்கே இருந்தார். எங்க வீட்டுக்காரர் லோரியில் அவரைப் பெருமாளிடம் கூட்டிப் போனார். மகன் பொட்டிகளைப் பார்ப்பதை விட்டுவிட்டு, காலையில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, பச்சையா?" என்பார். நான் வேலியோரம் எட்டிப் பார்த்து, "பச்சை தம்பி" என்பேன்.

பிறகு ஒரு நாள் மாமா குளியலறையில் வழுக்கி, சுவரைப் பிடித்துத் தப்பினார். யாருக்கும் தெரியாது. எந்தப் பொட்டியும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. அவரே மகனைக் கூப்பிட்டு, "இந்த மாதிரி ஆச்சுப்பா. இனிமே தனியா முடியாது. வந்து கூட்டிட்டுப் போ" என்று சொன்னார். நான் அழுதேன். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் பதினாலாவது மாடிக்குப் போனார்.

போய் ஒரு வாரம் கழித்து போன் வந்தது.

"எப்படி இருக்கீங்க மாமா? வீடு வசதியா?"

"வசதிக்கு என்னம்மா. இங்கயும் பொட்டிங்கதான் பூரா. எல்லாம் வெல கூடினது. லைட்டுன்னா லைட்டு. பேனுன்னா பேனு. வாய மூடுமுன்ன செஞ்சுடுது. கூட்டற மிஷினு வேலைய முடிச்சுட்டு அதுவா போயி படுத்துக்குது. ஒரு தப்பு கிடையாது."

"நல்லதுதான மாமா?"



"நல்லதுதான்," என்றார். "ஆனா வீட்டுல யாருக்காகவும் பரிஞ்சு பேச வேண்டியதில்லயேம்மா. நாளு பூரா நான் என்னத்த பண்றது?"